பெண் பார்க்க வந்த வீட்டில் ஓமத் தண்ணி

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மாவுக்குக் காலையிலிருந்து ஒரே பாட்டு. "ஏளா, இன்னைக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டு." கட்டிக்கொண்டுதான் இருந்தேன். போனில் பேசியதிலேயே அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. முன்னால் வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிப்போயிற்று. இதுவும் போனால் எனக்குத் தாங்காது.

சாயங்காலம் சாத்தான்குளத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மூன்று பேர்தான். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா அதிலும் கெட்டி. பேசி முடிக்கும்வரை பச்சைத் தண்ணிகூடக் குடிக்கமாட்டாராம். அதுவரை பசி தாங்கவேண்டுமே என்று தூத்துக்குடிக்குள் நுழைந்ததும் பொரிச்ச பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிறார்!

வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சுருட்டிச் சுருட்டி இழுக்கிறதாம். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. எங்கள் வீட்டில் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். அப்பா பெருங்காயத்தை மோரில் கரைக்கச் சொன்னார். சித்தி கற்பூரவல்லி இலை பறிக்க மாடிக்கு ஓடினாள். மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். "ஒண்ணும் வேண்டாம், வெறும் வாயுதான், தானா போவும்" என்று அந்த அம்மா பல்லைக் கடித்தார்.

நான் பேசாமல் அடுப்படிக்குப் போனேன். ஓமத்தை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்தேன். ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டுத் தண்ணீரைப் பாதியாக வற்றவைத்து, கருப்பட்டி சேர்த்து வடிகட்டினேன். மாசாமாசம் எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

கொண்டுபோய் நீட்டினால் தலையை ஆட்டுகிறார். "வேண்டாம்மா. பேசி முடிக்காம இந்த வீட்டுல எதையும் வாயில வைக்கக் கூடாது."

வந்ததே எனக்குக் கோபம்! "ஏன் அத்தை, உயிர் போற வலியில துடிக்கிய, இப்பவும் முறையைப் பாத்துக்கிட்டு இருக்கிய? என்னைப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க, யாரு வேண்டாம்னா? முதல்ல இதைக் குடிங்க!"

அம்மா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். 'அத்தை' என்று வேறு கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். டம்ளரை வாங்கினார். ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்புறம் விட்டாரே ஒரு ஏப்பம்! தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பின்னாலேயே இன்னொன்று. சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அப்பா கூரையைப் பார்த்தார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா எழுந்தார். கிளம்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, ரசம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்குப் பசியெல்லாம் இல்ல. ஆனாலும் ஒரு கை சோறு போட்டு ரசம் ஊத்து" என்றவர், வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கேட்டார். "கை எங்கன கழுவ?"