இடது கையும் ஐந்நூற்று எண்பது வோல்ட்டும்

“மேலதிகாரி முன்னிலையில் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பவர். கர்வம் மிகுந்தவர். எதற்கும் அஞ்சாத போக்கு உடையவர்.”

மின்பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்தின் பதிவறை எழுத்தரைப் பற்றி அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டு அனுப்பிய மெமோவின் வாசகம் இது. கை விஷயம் உண்மை. மற்றதெல்லாம் வேறு யாரையோ பற்றியது.

லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டாலும் உள்ளே நிற்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் அவர். பேனா இரவல் கேட்கப் பக்கத்து மேசைவரை போய், தொண்டையைச் செருமிவிட்டு, கேட்காமலே திரும்பி வந்து பென்சிலால் எழுதுவார். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் பவ்யம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடும் சிரமத்தைக் கொடுத்துவிட்டோமே என்று சங்கடப்படுவார்.

பவ்யத்தின் பயம் படிப்பால் வந்தது. அந்த அலுவலகத்துக்கு வரும் மின்விபத்து அறிக்கைகளில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள், யாரும் படிப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அவற்றை நூலில் கோத்து அலமாரியில் அடுக்கும் பவ்யம் மட்டும் ஒன்றுவிடாமல் படித்திருந்தார். முக்கால்வாசி அறிக்கைகளில் ஒரே வரி வந்துகொண்டிருந்தது: வலது கை கம்பியில், இடது கை இரும்பில். ஒரு கை வழியாக நுழைந்து மறு கை வழியாக வெளியேறும் மின்சாரம் போகிற வழியில் இதயத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது. ஒரு கை மட்டும் பட்டிருந்தால் பெரும்பாலும் அந்த ஆளே வந்து அறிக்கையை எழுதிக் கொடுத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் தன் வீட்டிலேயே ஐந்நூற்று எண்பது வோல்ட் தயாரித்தார் என்றால் அதற்கு மைத்துனரைத்தான் சொல்ல வேண்டும்.

மனைவியின் தம்பி ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். கூடத்தை மூடியபோது ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மற்றவர்கள் நாற்காலியையும் மின்விசிறியையும் எடுத்துக்கொள்ள, இவர் ஒரு ஹெட்போனை எடுத்து வந்து அக்காள் புருஷனிடம் நீட்டினார். ஒவ்வொரு காதுக்கும் ஒரு சாசர் அளவு. வால் போன்ற கேபிள் பட்டையாக இருந்தது.

“மாமா, இது சாதா ஹெட்போன் இல்ல. உள்ள காந்தமே கிடையாது. ரெண்டு ஓட்டைத் தகடு, நடுவுல ஒரு படலம். தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதுக்கு ஐநூத்தி எம்பது வோல்ட் குடுத்து வச்சுட்டா, தகடு ரெண்டும் அதை இப்படியும் அப்படியும் இழுக்கும். அதுதான் பாட்டு.”

“எதுல சொருகறது?” ஐந்து ஊசிகள் கொண்ட அந்தப் பிளக்கைப் பவ்யம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதுக்குன்னு தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு.”

“அது எங்க?”

“வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“அவருக்கு எதுக்கு?”

“பூந்தொட்டிக்கு அடியில வச்சிருக்காரு. சரியான உயரமாம்.” மைத்துனர் எழுந்துகொண்டார். “நீங்களே ஒண்ணு செஞ்சிடுங்க மாமா. கரன்ட்டு ஆபீஸ்லதானே இருக்கீங்க.”

“நான் அங்க காகிதம் தைக்கிறவன்ப்பா.”

சொன்னாரே தவிர, அந்த ஐந்து ஊசிகளும் மண்டைக்குள் குத்திக்கொண்டே இருந்தன. புத்தகம் பார்த்தார். சுற்றுப்படம் வரைந்தார். கடைசியில் மனைவியிடம் இடம் கேட்டார்.

அவள் மருத்துவமனையில் மருந்தாளுநர். எதையும் அளக்காமல் கொடுத்துப் பழக்கமில்லை. அடுக்களை ஷெல்ஃபைக் காட்டினாள்.

“சர்க்கரை டப்பா இருக்கிற இடம். அந்த அகலம், அந்த உயரம். அதுக்கு மேல ஒரு விரல் நீண்டாலும் சர்க்கரை திரும்பி வந்துரும்.”

“சரிம்மா.”

“சுவத்து கரன்ட் நேரா அதுக்குள்ள போகக்கூடாது. கீழ தண்ணி சிந்துற இடம்.”

“பழைய மோடத்தோட அடாப்டர்தான். பன்னெண்டு வோல்ட்.”

“உள்ள போனப்புறமும் பன்னெண்டுதானே?”

பவ்யத்துக்குப் பொய் வராது. “உள்ள கொஞ்சம் ஏறும்,” என்றார்.

“எவ்வளவு?”

“படிப்படியாத்தான் ஏறும்.”

இந்த வகை ஆம்ப்ளிஃபையரைக் கட்டுகிறவர்கள் பொதுவாக ஒரு பெட்டியில் மின்வழங்கியும் இன்னொரு பெட்டியில் மற்றதுமாகத் தாராளமாக வைத்துக்கொள்வார்கள். சர்க்கரை டப்பாவுக்குள் கட்டியவர்கள் குறைவு. பவ்யம் முதலில் எல்லாவற்றையும் ஒரு பலகையில் பரப்பினார். பன்னிரண்டு வோல்ட்டை ஏற்றித்தரும் குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கையாலேயே கம்பி சுற்றினார். நூற்றுத் தொண்ணூறாவது சுற்றில் மனைவி “காய் ஏதாவது வாங்கணுமா?” என்று கேட்டாள். பதில் சொன்னார். முதலிலிருந்து சுற்றினார். மறுநாள் அதே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதன் பலனை மூன்று நாள் அனுபவித்தார். பலகையில் ஒழுங்காக இருந்தது பெட்டிக்குள் போனதும் உறும ஆரம்பித்தது. டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மூலைக்குத் தள்ளி, நடுவில் தகரத்தால் தடுப்புச் சுவர் எழுப்பியதும் உறுமல் நின்றது. அடுத்தபடியாகச் சூடு வந்தது. மூடியில் அறுபத்து நான்கு ஓட்டை போட்டார்.

இதெல்லாம் மாலை ஆறரையிலிருந்து எட்டுக்குள். படலத்துக்குப் போகும் ஐந்நூற்று எண்பது வோல்ட்டில் மின்னோட்டம் பெயருக்குத்தான் இருக்கும். தகடுகள் வழியாகப் படலத்தை ஆட்டிவைக்கும் நானூறு வோல்ட்டோ ஆளையும் ஆட்டிவைக்கக் கூடியது. அடாப்டரைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர்களுக்குள் உட்கார்ந்திருக்கும். அது தானாக வடிந்து போக ஒரு ரெசிஸ்டரைப் போட்டிருந்தார். வடிய இரண்டு நிமிடம் பிடிக்கும். அதனால் மின்சாரம் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அவருடைய இடது கை பைக்குள் போய்விடும். அறிக்கைகளில் கற்ற பாடம்.

ஏழாவது மாதம் பாட்டு வந்தது. பல வருடங்களாகக் கேட்ட பாட்டில் பாடகி அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவதை அன்றுதான் கேட்டார். தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குதுங்க,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

அந்த வகை ஹெட்போனில் படலத்தின் ஒரு பக்கம் காதுக்கும் மறுபக்கம் ஊருக்கும் திறந்திருக்கும். தனிமைக்காகச் செய்த சாதனம் வீட்டுக்கே பாடியது. மறுநாள் பெட்டியின் மேல் மருந்துக்கடை லேபிள் ஒட்டப்பட்டிருந்தது: ‘நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். உணவுக்குப் பின்.’

பெட்டி முடிந்தது. கையின் கதை முடியவில்லை.

எட்டாவது மாதம் நுணுக்கமான சரிபார்ப்பில் போயிற்று. அதற்குள் இடது கை சொந்தமாக முடிவெடுக்கப் பழகிவிட்டது. ஆபத்து என்று எதைப் பார்த்தாலும் பைக்குள் புகுந்துகொண்டது. தெருநாயைப் பார்த்தால் புகுந்தது. பல் மருத்துவர் விளக்கைப் போட்டதும் புகுந்தது. அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேடம் மேலதிகாரியாக வந்தார். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் நடுக்கம். பவ்யம் கோப்போடு அவர் முன்னால் போய் நின்ற முதல் நாளே கை பைக்குள் போயிற்று. பயத்தில் போன கை. பார்த்தவருக்கு அது திமிர்.

மூன்றாவது முறை கை அப்படிப் போனபோது மெமோ வந்தது. ஏழு நாளுக்குள் திருப்தியான விளக்கம் தராவிட்டால், ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தளவாடக் கிடங்குக்கு மாற்றல். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு மனைவி அங்கே வர முடியாது.

“காரணத்தைச் சொல்லிட வேண்டியதுதானே,” என்றாள் அவள்.

“எப்படிம்மா சொல்றது? பரிசோதனை ஆகாத, வீட்டில் செய்த மின்சாதனங்கள் பறிமுதல் செய்யப்படும்னு மாசாமாசம் சுற்றறிக்கை போகுது. அதை டைப் அடிக்கிறதே நான்தான்.”

கர்வி இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி ஊசியும் நூலும் எடுத்து வந்து, அவருடைய எல்லாக் கால்சட்டைகளிலும் இடது பையின் வாயைத் தைத்து மூடினாள்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். கை கீழே இறங்கியது, பையைத் தேடியது, வாசல் மூடியிருந்தது. ஒதுங்க இடம் வேண்டுமே. இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இடுப்பில் கைவைத்து, தலையைக் குனிந்து, “மன்னிச்சிடுங்க மேடம்” என்று சொன்ன ஊழியரை அந்த அலுவலகம் அதற்குமுன் கண்டதில்லை. மாலைக்குள் இரண்டாவது மெமோ. கேள்விப்பட்ட மைத்துனர் போன் செய்தார். “மாமா, அடுத்த தடவை மேடம் தோள்ல கை போட்டுட்டா விஷயம் முடிஞ்சிரும்.”

அன்று அவள் தையலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “உண்மையவே சொல்லிடுங்க. பெட்டிய எடுத்துட்டுப் போங்க. பறிமுதல் பண்ணினா பண்ணட்டும். சர்க்கரைக்காவது இடம் கிடைக்கும்.” கடைசி நூலை உருவியதும், “ஆனா அந்தம்மா பாட்டு இல்லாம வீடு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்,” என்றாள்.

ஏழாம் நாள் பவ்யம் பெட்டி, ஹெட்போன், பிளேயர், நான்கு பக்க விளக்கம் எல்லாவற்றோடும் மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் நான்கு பக்கத்தையும் படித்தார். அந்த அலுவலகத்தில் பவ்யம் எழுதிய ஒன்றை ஒருவர் கடைசிவரை படித்தது அதுவே முதல் முறை.

“கை பைக்குள்ள போறது பயத்துலன்றீங்க.”

“ஆமாங்க மேடம்.”

“என்மேல?”

“மின்சாரத்து மேல, மேடம். உங்க மேல... அதுக்கு அடுத்தபடியாத்தான்.”

“போட்டுக் காட்டுங்க.”

போட்டார். மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார். பிறகு கழற்றி, “நான் படிச்சது எஞ்சினியரிங். கையெழுத்துப் போட்டே வருஷம் போயிடுச்சு. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்,” என்றார்.

பவ்யம் அடாப்டரைப் பிடுங்கி, நான்கு திருகாணிகளையும் கழற்றி, மூடியை எடுத்தார். மல்டிமீட்டரை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது, மேடம் பெட்டியின் இரும்பு விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த எவர்சில்வர் பேனாவை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்.

“அணைச்சாச்சு இல்ல? இந்த நீலமா இருக்கிறது—”

“கையை எடு!”

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. மேடத்தின் இரண்டு கைகளும் பெட்டியை விட்டன. அவரை யாராவது அப்படிப் பேசிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். கோபப்படுவது எப்படி என்று உடனே நினைவுக்கு வரவில்லை.

பவ்யம் வலது கையால் மீட்டரின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

“அணைச்சாச்சுங்க மேடம்,” என்றார், பழைய குரலில். “ஆனா இன்னும் போகல.”

முந்நூறு. இருநூற்று எழுபது. மேடம் எண்ணைப் பார்த்தபடி இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் உடையில் பை கிடையாது. பவ்யத்தின் இடது கை எப்போதோ பைக்குள் போயிருந்தது. தேநீர் கொண்டு வந்த அலுவலக உதவியாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். திமிர்பிடித்தவர்கள் இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வச்சிட்டுப் போகவா மேடம்?”

“இருங்க. இன்னும் தொண்ணூறு இருக்கு.”

முப்பதுக்குக் கீழே இறங்கியதும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் எழுதினார்.

மெமோவை ரத்து செய்ய விதியில் இடமில்லை; பதிவில் ஏறியது ஏறியதுதான். விளக்கம் ஏற்கப்பட்டது, மாற்றல் தேவையில்லை என்று அடியில் ஒரு வரி சேர்ந்தது. பெட்டி பறிமுதலாகி, அலுவலகப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு நாள் இருந்தது. எல்லாவற்றிலும் தேறியது, எச்சரிக்கைச் சீட்டு இல்லை என்பது மட்டும் குறை. மனைவி இரண்டாவது லேபிள் எழுதினாள்: ‘அணைத்தபின் இரண்டு நிமிடம் கழித்தே திறக்கவும்.’ பெட்டி ஷெல்ஃபுக்குத் திரும்பியது. அடுத்த மாதச் சுற்றறிக்கையில், மின்பலகையைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதையும் டைப் அடித்தது பவ்யம்தான்.

மெமோக்கள் இருந்த கோப்பை அவரே நூலில் கோத்து அலமாரியில் வைத்தார். கர்வம் மிகுந்தவர், எதற்கும் அஞ்சாதவர் என்று அதில் இன்றைக்கும் இருக்கிறது. அவர் செய்தது வேறு. எட்டு மாதம் உழைத்து, சர்க்கரை டப்பா இடத்துக்குள் அடங்கும் ஓர் ஆம்ப்ளிஃபையரைச் செய்தார். அதனால் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. மேலதிகாரி ஒருவரை ஒரே ஒரு முறை ஒருமையில் பேசினார். அது எந்தப் பதிவிலும் ஏறவில்லை.