பிடியரிசியும் பஞ்சுப் பையும்

கேட்காதவர்களுக்குப் புத்தி சொல்வதும் கொடுக்காதவர்களிடம் கையேந்துவதும் சேர்ந்த உத்தியோகம் எனக்கு வாய்த்தது. வெள்ளைக்காரர் காலம். பூந்தமல்லியில் ஒரு சின்ன மிஷன் வைத்தியசாலையில் நர்ஸ். மார்பில் கட்டி வந்தால் மறைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். வந்தவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நிதியும் திரட்ட வேண்டும். நல்லதைச் சொல்லப் போய் வாசல்தோறும் அசடு வழிந்த புண்ணியவான்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவரு வரட்டும்

முதலில் உண்டியலோடு கிளம்பினேன். கரையான்சாவடியில் நாலு தெரு சுற்றியும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அவரு வரட்டும்." அவர் வந்தால் எதற்கென்று கேட்பார்; அதைச் சொல்ல வீட்டுக்காரிக்கு நா எழாது. கடைசி வீட்டுக்காரி என்மேல் பரிதாபப்பட்டு, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறேன், வாராவாரம் வாங்கிக்கொள் என்றாள்.

"துட்டுன்னா ஊட்டுக்காரரைக் கேக்கணும் நர்ஸம்மா. அரிசிப் பானையில கை வுட யாரைக் கேக்கணும்?"

புளியங்கொட்டை

பிடியரிசி வெள்ளானூர் வரை பரவியது. ஆனால் மார்பு என்றதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கே கூச்சம்தான். இலவம்பஞ்சைத் துணிப்பையில் அடைத்து நடுவே ஒரு புளியங்கொட்டையை ஒளித்துவைத்தேன். கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் தங்கள் மார்பையும் அப்படியே பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டி என்றதும் ஆளுக்கு ஆள் பையைப் பிடுங்கினார்கள். நடவு வேலை செய்யும் கன்னியம்மா மட்டும் நிதானமாகத் தடவினாள். பஞ்சிலிருந்து நான் பொறுக்கி எடுக்காமல் விட்டிருந்த ஒரு பஞ்சுக்கொட்டையும் அவள் விரலுக்குத் தப்பவில்லை.

"ஒண்ணுதான் வெச்சேன்னு சொன்னியே நர்ஸம்மா, உள்ள ரெண்டு கீதே!"

நோவாத கட்டி

அடுத்த வாரம் அதே விரல் அவள் மார்பிலேயே ஒரு கட்டியைக் கண்டுபிடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, வலியே இல்லை. அவள் புருஷனோ, வலிக்காத கட்டிக்கு எதற்கு ஆஸ்பத்திரி, செலவுக்கு எங்கே போவேன் என்றார். வலி வரும்வரை இருந்தால் ஆளே மிஞ்சமாட்டாள் என்று கெஞ்சினேன். மனுஷர் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து எதிரே வந்து நின்றாள்.

"எங்க பிடியரிசியை வித்து அவ போறா அண்ணாத்தே, உன் மடியில கை வெக்கல. ஆவடி டேசனுக்கு வண்டியக் கட்டு!"

திரும்பி வந்த அன்று

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கன்னியம்மா இளைத்துப்போய், ஆனால் பிழைத்து வந்தாள். அவள் வண்டியிலிருந்து இறங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடிய பெண்கள் அவள் முந்தானையையே பார்த்து முழித்தார்கள். தெருவே கேட்கும்படி அவள்தான் பேசினாள்.

"ஒண்ணு பூட்ச்சு, உசுரு கீது. இன்னாடி முழிக்கிறீங்க? நீங்கள்லாம் தடவிப் பாத்தீங்களா இல்லியா?"

ஊர்ப் பெண்களின் கூச்சத்தை விரட்ட நான் மாதக்கணக்கில் படாத பாடு பட்டேன், கன்னியம்மா இறங்கிய கையோடு விரட்டிவிட்டாள். சம்பளம் மட்டும் எனக்கே வந்தது.