கொசுவுக்கு ஜாதகம்

மாடம்பாக்கத்தில் கன்னியம்மாவின் கண்ணில் படாத தண்ணீர்த் தொட்டி கிடையாது. பதினோரு வருடமாகக் கொசு ஒழிப்பு வேலை. கேட்டைத் திறக்கும்போதே பூந்தொட்டித் தட்டும் ஃப்ரிட்ஜின் பின்பக்கமும்தான் அவள் நினைப்பில் இருக்கும். வீட்டுக்காரர் முகம் அப்புறம்தான். கொட்டாங்குச்சியில் புழு நெளிந்தால் நாலு பேர் முன்னால் தூக்கிக் காட்டி மானத்தை வாங்கிவிடுவாள். அதில் அவளுக்கு அப்படியொரு குஷி.

அவளைத் தேடிக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்களே வந்தார்கள். கொசுப்புழுவைச் சீசாவில் பிடித்து, ஊர்ப் பெயரை ஒட்டித் தரவேண்டும். டெங்கு கொசு அதிக தூரம் பறக்காதாம். அதனால் ஊருக்கு ஊர் அதன் மரபணு கொஞ்சம் மாறுமாம். எந்த ஊர்க் கொசு எந்த மருந்துக்கு அசையும் என்பதற்கு அதில் துப்புக் கிடைக்குமாம். “கொசுவுக்கு ஜாதகம் எழுதறாங்கோ, நான்தான் புடிச்சுக் குடுக்கறேன்” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள். படப்பைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் பஸ் ஏறி அலைந்தாள். கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது மாதம், ஆராய்ச்சிக்கூடத்து ஸ்ரீவித்யா வந்து இறங்கினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அக்கா, மாடம்பாக்கம் சீசாவும் கூடுவாஞ்சேரி சீசாவும் ஒரே குடும்பமா வந்திருக்கு. அதுக்கு சான்ஸே இல்ல. ஒரே இடத்துல பிடிச்சு ரெண்டு லேபிள் ஒட்டிட்டீங்களா?”

கன்னியம்மாவுக்குக் காது அடைத்துப்போனது. பஸ்ஸுக்கு அலுத்துக்கொண்டு அப்படிச் செய்கிற மகராசிகள் உண்டுதான். ஆனால் இவளை ஒருத்தரும் பொய்க்காரி என்றதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“என் கையால புடிச்சேன். எந்த வூடுன்னு காட்றேன், வா.”

“உங்க பேரை லிஸ்ட்லேருந்து இன்னைக்கு சாயங்காலம் எடுக்கச் சொல்லிட்டார் எங்க லேப் சார்.”

“சாயங்காலம்தானே. இப்போ மணி பதினொண்ணு.”

ஆட்டோ பிடித்து, மாடம்பாக்கம் சீசாவுக்குப் புழு பிடித்த நித்யஸ்ரீ என்கிற பெண்ணின் வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். முன்பக்கம் டைல்ஸ் மேல் ஓர் ஆட்டுக்கல், குழியில் தண்ணீர், அதில் ரோஜா இதழ் மிதந்தது, இதழுக்கடியில் புழு நெளிந்தது. குழியை மண் போட்டு மூடச்சொல்லி கன்னியம்மா போன மாதமே திட்டிவிட்டுப் போயிருந்தாள். நித்யஸ்ரீயும் மண்டையை மண்டையை ஆட்டியிருந்தாள்.

திரும்பத் திட்ட வாயெடுத்தவள் நிறுத்தினாள். நேற்றுக் கட்டின வீடு. மிக்சி, கிரைண்டர் எல்லாம் இருக்கிறது. இவளுக்கு ஆட்டுக்கல் ஏது?

“இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சும்மா?”

“அம்மா வீட்டுதுக்கா. அந்த வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்றாங்க. ஆட்டுக்கல்லு லட்சுமி, தெருவுல போடக்கூடாதுன்னு டெம்போல ஏத்தி அனுப்பிட்டாங்க.”

“உங்கம்மாக்கு எந்த ஊரு?”

“கூடுவாஞ்சேரி.”

கன்னியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீவித்யா மட்டும் விடவில்லை.

“வரும்போது தண்ணி இருந்துச்சா?”

“காய்ஞ்சு கிடந்துச்சு. மூணு மாசம் கழிச்சு நான்தான் பூப் போட ஊத்தினேன்.”

டெங்கு கொசுவின் முட்டை ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். அது ஸ்ரீவித்யாவுக்குத் தெரிந்த பாடம்தான்.

“பறந்து வரலம்மா, டெம்போல வந்துகீது” என்றாள் கன்னியம்மா. “பொறந்த வூட்டு சீரு. லட்சுமியோட சேத்து புள்ளகுட்டியையும் அனுப்பிகீறாங்கோ.”

ஸ்ரீவித்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“சார், கன்னியம்மா அக்கா பேரை எடுக்காதீங்க. அவங்க ஒழுங்காத்தான் பிடிச்சிருக்காங்க. தப்பா நினைச்சது நான்தான்.”

கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இதற்குள், இத்தனை பேச்சுக்குக் காரணம் தன் வீட்டுக் கல்தான் என்று புரிந்து வெலவெலத்துப்போன நித்யஸ்ரீ, குவளையும் பக்கெட்டுமாக ஓடிவந்தாள். தண்ணீரை மொண்டு கொட்டக் குனிந்தவளின் கையைக் கன்னியம்மா இறுக்கிப் பிடித்தாள்.

“தொடாதம்மா. எனுக்கு சாட்சி சொன்னது அதுங்கதான்.”