எங்கள் சந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை

மகள் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நம்ம மாநிலம்னு மேல எழுதியிருக்கியே, இதுல கொச்சி எவிடடி?”

“கொச்சி புக்குல இல்லப்பா,” என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

எட்டிப் பார்த்தேன். அச்சு அசலாகத் தமிழ்நாடு. நாங்கள் குடியிருப்பதோ கேரளத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில்!

அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், மாநகராட்சியில் லாரி ஓட்டுகிறார். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மகளை ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டில் வைத்து நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கும் அறிவியலும் எப்படியோ ஓடின. சரித்திரமும் குடிமையியலும்தான் சண்டித்தனம் செய்தன. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு, தமிழ் வாசிப்புதான் நொண்டியடிக்கும். ஆகவே ஊரிலிருந்து தம்பி பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களை வரவழைத்தேன். நான் தமிழில் வாசிப்பேன், அவள் கேட்டு மலையாளத்தில் எழுதிக்கொள்வாள். என்ன அருமையான ஏற்பாடு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். விளைவு, வாசலுக்குப் பக்கத்தில் காயல் இருக்க, என் பிள்ளைக்கு வைகை அணையைப் பற்றித்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் கோபம், பிறகு நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“சிரிப்பெல்லாம் சரி. ஜூன்ல ஸ்கூல் திறக்கும் முன்ன இவ நாலு ஆளு முன்னால நின்னு பேசணும். இல்லேன்னா திரிச்சு பழைய ஸ்கூலுக்கே அனுப்பிடுவேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சலே. பள்ளியில் அவள் மலையாளம் பேசும்போது விழும் தமிழ் இழுப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். தமிழர்களைக் கேலி செய்ய இங்கே சொல்லும் பாண்டி என்ற பேரால் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் மட்டுமல்ல, வீட்டு வாசலைத் தாண்டினாலே பேச்சு கிடையாது. கடைக்கு அனுப்பினால் விரலால் காட்டிச் சாமான் வாங்கி வருவாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் நான் பள்ளியை விட்டு நிறுத்தினேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் வாய் எப்படித் திறக்கும் என்று அவர் கேட்பதும் சரிதானே.

சரி, முதலில் இந்த ஊர்ப் பாடம். மறுநாளே கிளம்பிவிட்டேன், மகளையும் இழுத்துக்கொண்டு. எனக்கு இப்படி ஒரு வேகம் வந்தால் யாரும் பிடிக்க முடியாது. எர்ணாகுளத்து பிராட்வே கடைத்தெரு நெரிசலில் இடிபட்டுக் கடைகடையாக ஏறினோம். நாடாளுமன்றப் படம் கிடைத்தது, தலைவர்கள் படம் கிடைத்தது, கேரளத்து மலையாளப் பாடப்புத்தகங்கள் பழசாகவே கிடைத்தன. கட்டி எடுத்துக்கொண்டு வந்தபோது எனக்கு நகைக்கடையிலிருந்து வருகிற தோரணை. இடப்பள்ளி மாலில் பளபளவென்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், விளையாடிக்கொண்டே ஆட்சிமுறை கற்கலாமாம். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க அமெரிக்கா. “வைகையே தேவலையே!” என்று நான் சத்தமாகச் சொல்லிவிட, மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எங்கள் பக்கத்து ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில்தான் காரியம் நடந்தது. அங்கே ஒரு பழம்பொருள் கடைச் சுவரில் கொச்சியின் பழைய வரைபடம் பெரிதாக மாட்டியிருந்தது. நாங்கள் வாங்குகிற ஆட்கள் இல்லை என்பது கடைக்காரச் சேட்டனுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இருந்தும் மனுஷன் முகம் சுளிக்காமல், “நோக்கிக்கோ மோளே,” என்று விளக்கைப் போட்டார். கோட்டை இருந்தது, துறைமுகம் இருந்தது, ஓடைகள் நீலக் கோடுகளாக ஓடின. அவள் மூக்கு கண்ணாடியில் முட்டும்படி நின்று தேடினாள்.

வெளியே வந்ததும் கிசுகிசுத்தாள். “அம்மா, நம்ம சந்து இதுலயும் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே ஜிவ்வென்று ஏறியது. நடுத்தெருவில் நின்று கத்தியேவிட்டேன். “இல்லன்னா போகட்டும்ட்டி! நாம வரைவோம்!”

அது தை மாதம். கடல் ஏறும் காலம், இங்கே வேலியேற்றம் என்பார்கள். மழையே இல்லாமல் எங்கள் சந்துக்குள் தண்ணீர் வந்து வாசற்படியை நனைத்துவிட்டுப் போகும். வழக்கமாக நான் வாரியலால் அதைத் தள்ளிக்கொண்டே திட்டுவேன். அந்த வருஷம் மகள் கையில் சாக்குக்கட்டி இருந்தது. தண்ணீர் எங்கே முதலில் எட்டிப் பார்க்கிறது, எந்த வீட்டுச் சுவரில் எதுவரை ஏறுகிறது, எந்தப் பக்கமாக வடிகிறது என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோடு போட்டபடி போனாள். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியதை என் காதில் ஓதுவாள், நான் கேட்டுச் சொல்வேன். ஓடையிலிருந்து நேராக வருகிறது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவள் கோடுகளைப் பார்த்தால், தண்ணீர் முதலில் வந்தது மசாலா கிடங்குக்குப் பின்னாலிருந்த பழைய மதகு வழியாக. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆகா, இதல்லவா சரித்திரம், இதல்லவா பூகோளம் என்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் குதித்தேன்.

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது சுவரில் ஒரு நோட்டீஸ். நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அவள் கடகடவென்று என் காதில் வாசித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வார்டு கூட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம், கருத்துச் சொல்லலாம். பிராட்வேக்கும் இடப்பள்ளிக்கும் அலைந்தேனே, குடிமையியல் பாடம் எங்கள் ரேஷன் கடைச் சுவரில் ஓசியில் ஒட்டிக்கிடக்கிறது! நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் விடாமல் கூட்டிப்போனேன். அவர் பின்சுவர் ஓரமாக ஒதுங்கினார். நாங்கள் நடு வரிசையில் உட்கார்ந்தோம், அந்தக் கோடுகளை வைத்து அவள் வரைந்த எங்கள் சந்தின் படம் அவள் மடியில் சுருட்டி இருந்தது. அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை. நான் பேசுவது, அவள் படத்தைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான் திட்டம். சந்துகளில் தண்ணீர் ஏறும் பேச்சு வந்ததும் நான் எழுந்து ஆரம்பித்தேன். ஓடை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மதகு என்றேன், வடக்கைத் தெற்காக்கினேன். என் சேலைத் தலைப்பு வெடுக்கென்று இழுபட்டது.

“அம்மா, நீ தப்புத்தப்பா சொல்ற. உட்காரு. நானே சொல்றேன்.”

உட்கார்ந்தேன்.

அவள் எழுந்து படத்தை விரித்தாள். மலையாளத்தில் தொடங்கினாள், அந்த இழுப்போடுதான். தண்ணீர் இந்த வழியாக வருகிறது, முன்பு அது வடிய ஒரு வழி இருந்திருக்க வேண்டும், இப்போது அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க வந்தாள். பாதியில், பின்வரிசையிலிருந்து யாரோ அந்த இழுப்பை அப்படியே பேசிக்காட்டினார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அவள் நின்றுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு, ஜூனில் இவளை எப்படி அந்தப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடுவேன் என்று பதறினேன். எவன்டா அது என்று சண்டைக்கு எழப்போனேன்.

அதற்குள் அவள் பின்பக்கம் திரும்பிக் கேட்டாள். “சிரிச்சு கழிஞ்ஞோ? என்னா ஞான் பாக்கி பறயட்டே?”

சிரித்து முடித்தாயிற்றா, மீதியைச் சொல்லட்டுமா என்று அத்தனை பேரையும் நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டாள்! முன்னாலிருந்த கவுன்சிலர் சேச்சி பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

பின்சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டுக்கு வெளியே தமிழில் ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷன், தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், தொண்டை கிழியக் கத்தினார்.

“சொல்லுடி என் தங்கமே! முதல்ல இருந்து சொல்லு!”

அவள் முதலிலிருந்து சொன்னாள்.