பார்ட்னரை மாற்றப் பார்த்தேன்

போன வாரம் நான் ஒரு துரோகம் செய்யப் பார்த்தேன். கணவருக்கு அல்ல – பதறாதீர்கள். ஷட்டில் பார்ட்னருக்கு.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில், தகரக் கூரை போட்ட இன்டோர் கோர்ட் ஒன்று இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குப் பெண்கள் ஆறேழு பேர் அங்கே கூடுகிறோம். ஜோடி ஜோடியாக ஆடுவோம். எட்டு மாதமாக என் ஜோடி ஷாகிரா.

எட்டு மாதம் என்பது எனக்குச் சாதனை. நான் எதிலும் நிலைக்கிற ஆள் இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு எப்படி நிலைப்பது, நீங்களே சொல்லுங்கள்? செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும். கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ். மூச்சுப் பயிற்சி, கிண்ணம் தட்டி தியானம், களிமண் பிசைதல், நடனமாடி அழுதல்... எல்லாவற்றிலும் சேர்ந்தேன். எல்லாவற்றிலிருந்தும் நின்றேன். பத்து நாள் மௌனப் பயிற்சியில் மூன்றாம் நாளே வெளியே வந்துவிட்டேன். எவ்வளவு நன்றாக மௌனமாக இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது!

ஷாகிராவுக்குப் பெரிய கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளையல் கடை. என்னைவிட ஏழு வயது சின்னவள். அதிகம் ஓடமாட்டாள். நெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உயரமாக எது வந்தாலும் "அக்கா, உங்களுது!" என்று குரல் கொடுப்பாள். நான் பின்னால் ஓடுவேன். முன்னால் ஓடுவேன். அவளுக்கு வருவதையும் நானே பாய்ந்து அடிப்பேன். ஓடுவது நான், வியர்ப்பது நான், கைதட்டு மட்டும் ரெண்டு பேருக்குமா? மனசுக்குள் ஒரு எரிச்சல் வளர்ந்துகொண்டே வந்தது.

இந்த நேரம் பார்த்து, கோர்ட்டை நடத்துகிற சேகர் போன வாரம் திங்கட்கிழமை ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் டபுள்ஸ் போட்டி. முதல் பரிசு பெரிய ஹாட்பாக்ஸ். வியாழனுக்குள் ஜோடியாகப் பேர் கொடுக்க வேண்டும்.

என் கண் கவிதா மேல் போனது. கவிதா பி.டி. டீச்சர். அவர் ஸ்மாஷ் அடித்தால் கூரைத் தகரம் அதிரும். 'நாம ரெண்டு பேரும் சேரலாமா?' என்று மெசேஜ் தட்டினேன். 'பாத்துட்டு சொல்றேங்க' என்று பதில் வந்தது. கூடவே ஒரு கட்டைவிரல்.

சரி, ஷாகிராவை எப்படிக் கழற்றிவிடுவது? செவ்வாய்க்கிழமை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னேன்: "முட்டி வலி ஷாகிரா. ஞாயித்துக்கிழமை ஆடறது சந்தேகம்தான்." கவிதா சரி என்றால் வலி மாயமாய் மறைந்துவிடும், அதற்கு என்ன காரணம் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!

புதன்கிழமை காலை ஷாகிரா ஒரு தைல பாட்டிலோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சூடு பண்ணித் தடவுங்கக்கா. ஜாஸ்தி தேய்க்காதீங்க." வியாழக்கிழமை முட்டியில் மாட்டிக்கொள்கிற பட்டை ஒன்று வாங்கி வந்தாள். நான் நொண்டிக்கொண்டே போய் வாங்கினேன். அவள் என் காலையே பார்த்தாள்.

"அக்கா, நேத்து இடது கால் இல்ல?"

குனிந்து முட்டியைத் தடவினேன். "அது... மாறி மாறி வருதும்மா."

"அய்யோ, அப்ப ரெண்டு வாங்கியிருக்கணுமே!"

பட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே வரைக்கும் நொண்டிக்கொண்டே போனேன்.

பதினோரு மணிக்கு சேகர் போன் செய்தார். "மேடம், முட்டி எப்படி இருக்கு? ஆடுவீங்க இல்ல?"

"கவிதா டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?" என்றேன், தேன் தடவிய குரலில்.

"அவங்க ஒரு காலேஜ் பொண்ணோட சேந்து பேர் குடுத்துட்டாங்களே. உங்க பேரை ஷாகிராக்கா திங்கக்கிழமையே குடுத்துட்டாங்க. முட்டி வலின்னதும் எடுத்துடவான்னு கேட்டேன். வேணாம், சரியாயிடும்னாங்க."

நான் ஒருத்தியைத் தள்ளிவிடப் பார்த்தேன். இன்னொருத்தி என்னைத் தள்ளிவிட்டாள். முதலாமவளோ என்னைப் பட்டியலில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இதற்குப் பெயர்தான் அவமானம் என்றால், முழுசாகப் பட்டுவிடலாம் என்று நேராக வளையல் கடைக்கு ஆட்டோ ஏறினேன்.

கடையில் ஒரு வாடிக்கையாளர். கீழ்பென்னாத்தூரிலிருந்து மகள் கல்யாணத்துக்கு வளையல் எடுக்க வந்த அம்மா. "வேற காட்டுங்க" என்றார். ஷாகிரா இறக்கினாள். "இதே கலர்ல கல்லு வெச்சது?" இறக்கினாள். "கல்லு கம்மியா?" இறக்கினாள். மேஜை முழுக்கக் கண்ணாடி வளையல் மினுமினுத்தது. அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா, "நாலு கடை பாத்துட்டு வர்றேம்மா" என்று எழுந்து போனார். ஷாகிரா முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக மூட ஆரம்பித்தாள்.

நானும் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். "ஷாகிரா, எனக்கு முட்டி வலி இல்ல."

"தெரியுங்க்கா. கால் மாறிச்சே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. சரி, வலி மனசுலதான்னு விட்டுட்டேன்."

"நான் கவிதாவைக் கூப்பிட்டேன்."

"அதுவும் தெரியும். கவிதாவே சொன்னாங்க." ஒரு பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "திங்கக்கிழமை அவங்க முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. எனக்குப் பார்ட்னர் இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கவிதா தேடியது என்னை அல்ல. ஷாகிராவை! அந்தக் கோர்ட்டில் இத்தனை நாளும் யார் யாரைச் சுமந்துகொண்டிருந்தார்கள்?

"ஏன் வேணாம்னே? அவங்ககூட போனா ஹாட்பாக்ஸ் உனக்குத்தானே?"

"ஹாட்பாக்ஸ் வூட்லயே மூணு இருக்குக்கா." சிரித்தாள். பிறகு மேஜையைக் காட்டினாள். "நாள் பூரா எங்கிட்ட எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்... வேற காட்டுங்க. காலையில அந்த ஒரு மணி நேரமாவது அது இல்லாம இருக்கட்டும்னு பாக்கறேன். அதோட, நீங்க எங்க ஓடுவீங்க, எங்க தடுமாறுவீங்கன்னு எனக்குப் பழகிடுச்சு. இனிமே புதுசா ஒரு ஆளைக் கத்துக்கணுமா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. மூன்று நாள் பயிற்சியில் வராத மௌனம்!

"ஒரே ஒரு கொறைதாங்க்கா" என்றாள் தயங்கி. "எனக்கு வர்றதையும் நீங்களே பாஞ்சு அடிச்சுடறீங்க. ஞாயித்துக்கிழமையாவது என்னை ஆட விடுங்களேன்."

யோசித்துப் பார்த்தேன். சேர்வதற்கு எத்தனை வகுப்பு, பார்ப்பதற்கு எத்தனை சீரியல், மாற்றுவதற்கு எத்தனை போன்... எதை எடுத்தாலும் ஒரு கண் அடுத்ததன் மேல்தான். அதனால் கையில் இருப்பது என்னவென்று கடைசிவரை சரியாகப் பார்ப்பதே இல்லை. எட்டு மாதம் ஒருத்தியோடு ஆடிவிட்டு, அவளுக்கு ஆட்டம் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் ஆட்டம். நெட்டுக்குப் பக்கத்தில் ஷட்டில் காக் இறங்கியது. என் கால் பழக்கதோஷத்தில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஷாகிரா மணிக்கட்டை லேசாகத் திருப்பினாள். அவ்வளவுதான். காக் நெட்டை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்தது. எதிரே இருந்த இரண்டு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். வளையலை உடையாமல் கையில் ஏற்றுகிற விரல் அல்லவா!

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்தது கவிதாவோடு. தோற்றோம். கதையாக இருந்தால் கவிதா தோற்றிருப்பார்... நடந்தது அப்படி இல்லை. அவர் எல்லாரையும் அடித்துத் துவைத்து ஹாட்பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆனால் அந்தத் தோற்ற ஆட்டத்தின் நடுவில் ஒரு பாயின்ட். யாரும் குரல் கொடுக்காமலே நான் பின்னால் போனேன், அவள் முன்னால் வந்தாள். நான் இடது பக்கம் சாய்ந்தேன், அவள் வலது பக்கத்தை மூடினாள். இருபது தடவைக்கு மேல் அடித்தும் காக் தரையைத் தொடவில்லை. எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த அரை நிமிஷத்தில் கிடைத்தது. கிண்ணம் எதுவும் தட்டாமலே!

நேற்று திங்கட்கிழமை. போட்டி முடிந்த களைப்பில் மற்றவர்கள் யாரும் வரவில்லை. கோர்ட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சரி, சிங்கிள்ஸ் ஆடலாம் என்று எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஷாகிரா எனக்கு எதிரே போய் நின்றாள்.

இருபத்தொன்றுக்கு ஆறு.

அந்த ஆறும் அவள் விட்டுக்கொடுத்தது. தயவுசெய்து உங்கள் பார்ட்னரை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்... பாசத்தால் முடியாவிட்டால், பயத்தாலாவது!