தேஜித் கொட்டிய பால்

எங்கள் சந்தை வாசலில் பால் சோதிக்கும் அறை ஒன்று உண்டு. பதினெட்டு வருடமாக அதில் உட்கார்ந்திருப்பவள் தேஜித். பக்கத்துக் கடையில் நான் ஆட்டுக்கறி விற்கிறேன். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஊரே சொல்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

மேய்ச்சல்காரர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டு விடுவாள். மேலே நீல வளையம் கட்டினால் கன்று வீச்சு நோய். மாட்டுக்குக் கரு கலையும். அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் பெண்களுக்கும் கலையலாம். சட்டப்படி அதில் சாயம் கலந்து சுண்ணாம்புக் குழியில் கொட்ட வேண்டும். ஆனால் மண்ணில் பாலைச் சிந்துவது எங்களுக்குப் பெரும் பாவம். தவறி ஒரு துளி விழுந்தால்கூட விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வோம்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு குளிர்ந்த காலையில், மேய்ச்சல்காரி யான்ஜின் கொண்டுவந்த பாலில் வளையம் கட்டியது.

"கொட்டிடாதே தேஜித்! உன் கையால அந்தப் பாவத்தைப் பண்ணுவியா? நான் கொண்டுபோய்க் காய்ச்சி உறை ஊத்திக்கறேன்" என்று யான்ஜின் அழுதாள்.

சாயப் புட்டியைத் திறந்த தேஜித், மறுபடி மூடினாள். "ஒரு சொட்டு விடாம காய்ச்சணும். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். கேன் திரும்பிப் போனது. இத்தனை வருடத்தில் தேஜித் செய்த ஒரே தப்பு அதுதான்.

அன்று மதியம் தேஜித்தின் தங்கை உர்னா, சந்தை வாசலிலிருந்து தலைநகர் உலான்பாத்தருக்கு பஸ் ஏறக் கிளம்பினாள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு, ஏழு மாதம். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில். பயணம் போகிறவருக்குக் கிண்ணத்தில் பால் நீட்டுவோம். அதை மறுக்கக் கூடாது. காலையில் காட்டிய இரக்கத்துக்கு நன்றியாக யான்ஜினே கிண்ணத்தோடு வந்தாள். உர்னா இரு கையாலும் வாங்கினாள்.

"எந்தப் பாலு யான்ஜின்?" என்றாள் தேஜித்.

"நீ திருப்பிக் குடுத்ததுதான். ஒரு கிண்ணம் மட்டும் பச்சையா எடுத்து வெச்சேன். ஆசீர்வாதப் பாலை யாராவது காய்ச்சுவாங்களா?"

கிண்ணம் உதட்டருகே போய்விட்டது. தேஜித் பாய்ந்து தட்டிவிட்டாள். பால் முழுவதும் உர்னாவின் காலடி மண்ணில்.

"என் புள்ளைக்கு வாழ்த்துற பாலைக் கொட்டிட்டியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"அதுல நோய் இருக்குடி, உர்னா."

"இருந்தா காலையில ஏன் திருப்பிக் குடுத்தே?"

கேட்டுவிட்டு உர்னா பஸ் ஏறினாள். பஸ் போய்விட்டது.

ஆண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "எங்கே நோய்?" என்று ஊர் கேட்டது. உர்னா அதன்பின் அவளோடு பேசவில்லை. இப்போது யார் காலில் விழுந்தாலும் தேஜித் கேட்பதில்லை. சாயம் ஊற்றி, குழியில் கொட்டி, கையுறையைக் கழற்றி, வெறும் விரலை நெற்றியில் வைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் உர்னா எனக்குப் பையனின் படத்தை அனுப்பியிருந்தாள். தேஜித்திடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நோய் வந்திருந்தா எல்லாரும் என்னை நம்பியிருப்பாங்க, இல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்பாமலே இருக்கட்டும்."