அப்பா குவாட்டர்பாக் பக்கமா, டிபென்ஸ் பக்கமா?

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். அப்பாவின் வாழ்க்கையை எழுதித்தரும் பொறுப்பை வீட்டில் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறந்த ஊர், பட்ட கஷ்டம், செய்த நன்மை என்று எழுதிக்கொண்டு போவது பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்ததும் அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கத் தொடங்கினார்கள். விஷயம் அமெரிக்கன் புட்போல்.

தயவுசெய்து சிரிக்காதீர்கள். நான் சிரித்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டேன். இது நம்முடைய ஊரில் காலால் அடிக்கிற புட்போல் இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரியான பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் விழுத்துகிற விளையாட்டு. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து, ஆட்டத்தைக் கொண்டுபோகிறவர் குவாட்டர்பாக். எதிரணியை முன்னேற விடாமல் மறிக்கிறவர்கள் டிபென்ஸ். ஓர் அணி வெல்வதற்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்பதுதான் சண்டை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் ஏன் சும்மா சும்மா நின்று நின்று நடக்கிறது என்பதுகூட இன்றுவரை விளங்கவில்லை.

பெரியண்ணை இங்கே மொன்றியலின் கர்க்லாண்டில் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையால் சாப்பிட்டு, அப்பாவோடு ஆட்டம் பார்ப்பார். சின்னண்ணைக்கு ஞாயிறு வேலை. அவர் திங்கள் பின்னேரம் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து வருவார். அன்றைக்கும் ஓர் ஆட்டம் இருக்கும். பெரியண்ணை எப்போதும் குவாட்டர்பாக் கட்சி, சின்னண்ணை டிபென்ஸ் கட்சி. இரண்டு நாளும் அப்பாவின் குரல் குசினிவரைக்கும் கேட்கும். யாரோடு எந்தப் பக்கம் நின்று கத்துகிறார் என்று நான் காது கொடுத்ததில்லை. எனக்கு என்னுடைய வேலை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் முதலில் குழம்பினேன். பெரியண்ணை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்.

"டிபென்ஸ்தான்ரா. அதிலை மாற்றமில்லை," என்றார் அப்பா.

அவர் போய்ச் சின்னண்ணை வந்தார். அதே கேள்வி.

"குவாட்டர்பாக் இல்லாமல் என்னெண்டு வெல்லுறது?" என்றார் அதே அப்பா.

இரண்டையும் இந்தக் காதால் கேட்டேன். மருந்தின் மயக்கமாக்கும் என்று பயந்து தாதியிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். உங்கள் அப்பா தெளிவாக இருக்கிறார், என் மகனின் பரீட்சையைக்கூட விசாரித்தார் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். எனக்கு இன்னும் கூடக் குழப்பம்.

அப்பா கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் ஒரு புதினம் நடந்தது. அப்பா சொன்னதுதான் சரி, டிபென்ஸ்தான் முக்கியம் என்று பெரியண்ணை கண் கலங்கச் சொன்னார். அப்பா சொன்னதுதான் சரி, குவாட்டர்பாக்தான் முக்கியம் என்று சின்னண்ணையும் சொன்னார். இருக்கும்வரை கழுத்து நரம்பு புடைக்க எதிர்த்துக் கதைத்தவர்கள், ஆள் போனதும் அவர் சொன்ன பக்கத்துக்கு ஒரேயடியாக மாறிவிட்டார்கள். போனவரை எதிர்த்துக் கதைக்க நம்மவர்களுக்கு வாய் வருமா? இருவரும் மாறியதில் பழையபடி ஆளுக்கொரு பக்கமாகவே நின்றார்கள்.

"அண்ணை, அப்பா அப்பிடிச் சொல்லவேயில்லை," என்றார் சின்னண்ணை.

"செத்த மனுசன்ரை வாயிலை பொய்யை வைக்காதை தம்பி," என்றார் பெரியண்ணை.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆஸ்பத்திரியில் நான் இரண்டையும் கேட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கு விளையாட்டே விளங்காது, நீ மாறிக் கேட்டிருப்பாய் என்று இருவரும் என் வாயை அடைத்துவிட்டார்கள். இந்த மலர் வேலை தொடங்கியதும் இரண்டு பேரிடமிருந்தும் தொலைபேசி. அப்பா எந்தப் பக்கம் என்று நீ சரியாக எழுத வேண்டும், பிழையாக எழுதினால் நான் பூசையில் காணிக்கை தூக்க வரமாட்டேன் என்று இருவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். பெற்ற மகன்மார் இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் சேர்ந்து நிற்காமல் என்ன ஆண்டுத் திருப்பலி? அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. சரி, அப்பாவின் வாழ்க்கையையே கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அப்பா பிறந்தது மன்னார் பேசாலையில், கடற்றொழில் செய்த குடும்பத்தில். இளவயதில் கோயில் அணிக்குக் கோல் கீப்பர். கோல் கீப்பர் என்றால் டிபென்ஸ்தானே என்று பெரியண்ணை துள்ளினார். ஆனால் அந்த அணியில் விளையாடிய அப்பாவின் கூட்டாளி ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். கோலை விட்டுவிட்டு ஓடிப்போய் மற்றப் பக்கத்தில் கோல் அடித்து, அதற்காகப் பங்குச் சுவாமியிடம் ஏச்சு வாங்கிய ஒரே கீப்பர் உன்ரை கொப்பர்தான் என்று அவர் சொல்கிறார். இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

சண்டைக் காலத்தில் மடு மாதா கோயிலுக்கு அகதியாக நடந்தபோது எங்கள் எல்லோரையும் முன்னால் விட்டுக் கடைசியாக வந்தவர் அப்பா. ஷெல் சத்தம் கேட்டால் எங்களைக் கீழே படுக்க வைத்துத் தான் மேலே விழுந்து மூடுவார். டிபென்ஸ் என்று எழுதிக்கொண்டேன். பிறகு யாரையும் கேட்காமல் தானே முடிவெடுத்து, பாஷை தெரியாத மொன்றியலுக்குத் தனியாக வந்து, எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டதும் அவர்தான். அதுதான் குவாட்டர்பாக், பந்து போகவேண்டிய இடத்தை முதலே பார்த்துவிட்டார் என்றார் சின்னண்ணை. அப்படியென்றால் முன்னால் ஓடிப்போய் நின்று பந்தைப் பிடிக்கிறவர் அல்லவா அப்பா என்று கேட்டேன். உனக்கு விளங்காது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு மெத்தை செய்யும் தொழிற்சாலையில் இடுப்பு ஒடிய வேலை செய்தார். அங்கே பழகிய அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, புதிதாக வந்த சனத்துக்கு வீடு தேடிக் கொடுத்தார், பிள்ளைகளைக் கார்டெரி என்கிற பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டார், கோபம் வந்தால் அதே பிரெஞ்சில் எங்களையும் ஏசினார். சமாதான காலத்தில் ஊருக்குப் போனவர் சொன்ன நாளுக்கு முன்னமே திரும்பி வந்து நின்றார். ஆட்டங்கள் தொடங்கப்போகுது என்றார். பிறந்த மண்ணைவிட இந்தப் பந்து பெரிதா என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்பும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து, போன வருஷம் இலையுதிர் காலம் முடிகிற நேரம், முதற்பனி விழுந்த நாட்களில் இறைவனடி சேர்ந்தார். முழு வாழ்க்கையையும் பார்த்தாயிற்று. பதில் கிடைக்கவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நேரமும் வந்துவிட்டது. போன ஞாயிறு பெரியண்ணை வந்தார். அப்பா போனபிறகு அண்ணன்மார் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் சாப்பிட்ட கை காயுமுன்னம் எழும்பிவிடுவார்கள். அன்றும் அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, அப்பா சொன்ன மாதிரி டிபென்ஸ்தான் அம்மா, வேறென்ன இருக்கு என்று எழும்பினார்.

பந்து எந்தப் பக்கம் போகிறதென்றுகூடத் தெரியாத அம்மா கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"இல்லைத் தம்பி. பந்தெறியிறவன்தான் முக்கியம்."

அண்ணை திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு என்னம்மா தெரியும் என்று தொடங்கி, விளங்கப்படுத்த உட்கார்ந்தவர் ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். திங்கள் சின்னண்ணை வந்து குவாட்டர்பாக் என்றார். அம்மா ஒரு கூச்சமும் இல்லாமல், இல்லை ராசா, மறிக்கிற பெடியள்தான் முக்கியம் என்றார். அவரும் இருந்துவிட்டார்.

அவர் போனபிறகு அம்மாவைப் பிடித்தேன். அம்மா, உண்மையில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை. ஓமெண்டு சொன்னால் எழும்பிப் போயிடுவாங்கள். கொப்பர் இப்பிடித்தான் அவங்களை இருத்தி வைச்சவர்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து எனக்கு இது தெரியவில்லை. என்னோடு அப்பா ஒரு நாளும் வாதாடியதில்லை. நான் எங்கும் எழும்பிப் போகாதவள்.

அப்பாவை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், நோயில்பூசுதல் கொடுக்கப் பனிக்குள் வந்த பங்குச் சுவாமிக்கும், நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களில் கேட்காமலே வாசல் பனியை வழித்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், மண்டபத்தில் சமைத்த அக்காமாருக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், ரொறன்ரோவிலிருந்து பஸ் எடுத்து வந்த சொந்தங்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். நேரில் சொல்ல விடுபட்டவர்கள் எங்கள் நன்றியை இந்த மலரின் வழியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அண்ணன்மாரே, அப்பா எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். எழுதிவிட்டேன். காணிக்கையை இருவரும் சேர்ந்து தூக்குங்கள். பூசை முடிந்ததும் இருவரும் வீட்டுக்கு வாருங்கள், இன்றைக்கு ஆட்டமும் இருக்கிறது. நீங்கள் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால், இரண்டு பேரையும் இருத்தி வைக்க அம்மா எந்தப் பக்கம் பேசுவார் என்பதுதான் இப்போது எனக்கு விளங்கவில்லை.